தீண்டாதார் யாவர்?

அலோர் காஜா பட்டணத்தில் நண்பர் ஒருவர் இல்லத்தில், திங்களுக்கு ஒரு முறை ஞாயிறு மாலையில், பத்துப் பன்னிரண்டு பேர் கூடித் தமிழ் நூல்களைப் படித்து ஆராய்வது வழக்கம். சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்து வருவோரும், பட்டணத்தில் கடை வைத்திருப்போரும், பள்ளி ஆசிரியர் இருவரும் அக்கூட்டத்தில் உண்டு. சென்ற கூட்டத்தில் இளைஞர் ஒருவர் சாதிக் கொடுமையைக் குறித்துத் தாம் எழுதிய கட்டுரையை வாசித்தார். கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆயினும் அதன் முதற் பக்கத்தில் "தீண்டாதார் பட்ட துன்பம்" என்று எழுதியவர், இரண்டாம் பக்கத்தில் "தீண்டப்படாதார் பட்ட துன்பம்" என்று எழுதியிருந்தார். இவ்விரண்டும் ஒன்றுதானா என்று நாம் வினவினோம். "ஒன்றுதான் அண்ணே! ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் படிப்பவர்க்குச் சலிப்புத் தட்டும் என்று மாற்றிப் போட்டேன்" என்றார். கூட்டத்தார் சிரித்தனர், நாமும் சிரித்தோம். ஆனால் அவர் கூறிய விடை சரியன்று என்பது நமது எண்ணம். அதற்குரிய காரணத்தை அன்று விளக்கப் போதிய நேரம் கிடைக்கவில்லை. ஆதலின் இங்கே எழுதத் துணிந்தோம்.

அவ்விளைஞரைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. அவருக்கு முன் எழுதிய பெரியோரும் அவ்வாறே எழுதியிருக்கின்றனர். 1920களிலும் 1930களிலும் சமூகச் சீர்திருத்தத்தைப் பற்றி எழுதப்பட்ட தமிழில், தீண்டாதார், தீண்டாதவர், தீண்டப்படாதார், தீண்டப்படாதவர் என்னும் சொற்கள் ஒரே மக்களைக் குறிக்க மாறி மாறி வழங்கின. கொடுமையை ஒழிக்கப் பாடுபட்டவர்களே இவ்வாறு எழுதினர். ஆகவே இது தீய எண்ணத்தால் விளைந்ததன்று, வழக்கத்தால் விளைந்தது. ஆனால் வழக்கம் என்பது எவரும் கேள்வி கேளாமையால் நிலைத்து நிற்பது. அதனை ஒருவர் எப்பொழுதாவது கேட்டே ஆக வேண்டும். இஃது ஏதோ புலவர்களின் பொழுதுபோக்கு என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டா. இவ்விரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு, குற்றம் இழைத்தவனுக்கும் அதனால் துன்புற்றவனுக்கும் இடையே உள்ள வேறுபாடேயாகும்.

முதலில் இலக்கணத்தைக் காண்போம். தீண்டுதல் என்றால் தொடுதல். தொடுவதற்கு ஒருவர் வேண்டும். தொடப்படுவதற்கு மற்றொருவர் வேண்டும். இனி, தீண்டாதார் என்பது போன்ற எதிர்மறைப் பெயர்கள் சிலவற்றை நோக்குக. கல்லாதார் என்றால் கல்வி கற்காதவர். உண்ணாதார் என்றால் உணவு கொள்ளாதவர். கொடாதார் என்றால் பிறர்க்கு ஈயாதவர். இவை ஒவ்வொன்றிலும், அந்த வினையைச் செய்யாத ஆளுக்கே பெயர் உரியதாகின்றது. கொடாதார் என்ற சொல்லைக் கேட்டதும், கையேந்தி நிற்கும் ஏழையை எவரும் நினைப்பதில்லை. பெட்டியைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்ட செல்வனையே நினைக்கின்றனர். அம்முறைப்படி தீண்டாதார் யாவர்? பிறரைத் தீண்ட மறுப்பவர் தீண்டாதார். எட்ட நின்று தண்ணீர் ஊற்றுபவர் தீண்டாதார். காசைக் கையில் வாங்காமல் தரையில் வைக்கச் சொல்பவர் தீண்டாதார். அவரால் விலக்கி வைக்கப்பட்டவரே தீண்டப்படாதார். "படு" என்னும் சிறு துணைவினை நடுவில் வந்து, செய்தவரை ஒரு பக்கத்திலும் பட்டவரை மற்றொரு பக்கத்திலும் நிறுத்திவிடுகின்றது.

இதற்குத் தமிழறிந்தார் தடை கூறக்கூடும். "படிக்காத புத்தகம் என்கிறோமே, புத்தகமா படிக்கவில்லை? ஒருவர் அதனைப் படிக்கவில்லை. அதுபோலவே தீண்டாத மக்கள் என்றால் பிறர் தீண்டாத மக்கள் என்று பொருள் கொள்ளலாகாதா?" என்பர். கொள்ளலாம். பெயரெச்சம் செய்பவனையும் தழுவும், செய்பொருளையும் தழுவும் என்பது நன்னூல் கற்ற மாணவரும் அறிந்ததே. அவர் மேலும், "நான் காணாதவர் என்றால் என்னால் காணப்படாதவர் என்றுதானே பொருள்?" என்றும் கேட்கலாம். அதுவும் உண்மையே. ஆனால் அந்த எடுத்துக்காட்டை மீண்டும் ஒரு முறை உற்று நோக்குமாறு வேண்டுகிறோம். "நான் காணாதவர்" என்பதில் "நான்" இருக்கின்றது. அந்த "நான்" இருப்பதனாலேயே, காணாதவர் என்பது காணப்படாதவர் என்னும் பொருளைத் தருகின்றது. அதனை எடுத்துவிட்டு, "காணாதவர்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். கண்டிராத ஆளே முன்வந்து நிற்பார்.

அப்படியாயின், விலக்கப்பட்ட மக்களைத் தீண்டாதார் என்று ஒருவர் குறிக்கும்பொழுது, அச்சொல்லுக்கு முன்னால் மறைந்து நிற்கும் எழுவாய் யாது? "நாம்" என்பதே அது. "நாம் தீண்டாதார்." நம்மால் தீண்டப்படாதவர் என்று பொருள். அச்சொல் எந்த வாயிலிருந்து பிறந்தது என்பது இப்பொழுது விளங்குகின்றதல்லவா? அது தீண்ட மறுத்தவர் தம்முள் பேசிக்கொண்ட பேச்சு. பேசுவோரும் கேட்போரும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்தமையால், "நாம்" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. பிற்காலத்தில் அத்திண்ணையை வெறுத்தவர்களும், அதில் ஒருபொழுதும் ஏறவிடப்படாதவர்களுங்கூட, அச்சொல்லை அப்படியே எடுத்து எழுதினர். நமது இளைஞர் கொடுமையைக் கண்டித்து எழுதினார். ஆயினும் அந்த ஒரு சொல் அவரை, அவர் அறியாமலே, கொடுமை செய்தவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டது.

இவ்வாறு நிகழ்வது இந்த ஒரு சொல்லில் மட்டுமன்று. நாள்தோறும் நாம் வழங்கும் "வேண்டாதவர்" என்னும் சொல்லையும் பாருங்கள். வேண்டாம் என்பவர் நாம். வேண்டாதவர் என்று பெயர் பெறுபவரோ அவர். நமது மனத்தில் எழுந்த வெறுப்பு, அவர் நெற்றியில் ஒரு பெயராக எழுதப்படுகின்றது. அன்பும் இவ்வாறு செய்வதுண்டு, "வேண்டியவர்" என்கிறோமல்லவா? ஆனால் அன்பினால் வந்த பெயர் எவரையும் வருத்துவதில்லை. வெறுப்பினால் வந்த பெயரோ, பேரப்பிள்ளைகள் காலம்வரை தொடர்ந்து செல்கின்றது.

இன்னும் ஒரு சொல்லிணையைக் காட்டுவோம். தாழ்ந்தோர், தாழ்த்தப்பட்டோர் என்பன அவை. தாழ்தல் தன்வினை; தாழ்த்துதல் பிறவினை. தாழ்ந்தார் என்றால் தாமே கீழே போனார் என்றாகும். நீர் பள்ளத்துக்குப் போவதுபோல் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார், அதற்கு எவரும் பொறுப்பல்லர் என்றாகும். தாழ்த்தப்பட்டார் என்றாலோ, தாழ்த்திய கை ஒன்று உண்டு என்பது உடனே தெரிந்துவிடுகின்றது. "தாழ்ந்த வகுப்பார்" என்பது போய்த் "தாழ்த்தப்பட்ட வகுப்பார்" என்பது நிலைத்ததைச் சிறிய மாற்றம் என்று நாம் கருதவில்லை. பட்டம் பெற்றவரும் பெறாதவரும் இன்று தடையின்றி "தாழ்த்தப்பட்டோர்" என்கின்றனர். அந்த இலக்கணத் திருத்தம் வெற்றி பெற்றுவிட்டது. தீண்டாதார் என்பதிலோ அது பாதி வழியில் நின்றுவிட்டது.

ஒரு சொல்லின் உருவம் மாறுவதனால் உலகத்தில் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்க்கு, நமது தொழிலிலிருந்தே ஒரு நிகழ்ச்சியைச் சொல்வோம். அது நமக்குப் பெருமை தருவதன்று.

நாம் தோட்டத்துக் கிராணி. காலைப் பெரட்டு முடிந்ததும் யார் வந்தார், யார் வரவில்லை என்பதைச் செக்ரோலில் ஏற்றுவது நமது வேலை. சில ஆண்டுகளுக்கு முன், வயது முதிர்ந்த பெண்மணி ஒருவரின் பெயருக்கு நேராக இரண்டு நாள் "வரவில்லை" என்று பதிந்தோம். மாத முடிவில் அவருக்கு வருகைப் படி கிடைக்கவில்லை. அவர் அலுவலகத்து வாசலில் வந்து நின்று, "நான் வராம இல்லீங்க கிராணி ஐயா, வந்து நின்னேன், லோரியில ஏத்தலீங்க" என்றார். விசாரித்ததில் அவர் கூறியது முற்றும் உண்மை. செம்பனைக் காட்டுக்கு ஆள் ஏற்றிச் சென்ற லோரி நிரம்பிவிட்டதென்று, மண்டோர் அவரை அவ்விரண்டு நாளும் திருப்பி அனுப்பியிருக்கிறார். வந்தவர்க்கு வேலை கொடாதவர்கள் தோட்டத்தார். ஆனால் செக்ரோலில் குறை ஏறியதோ அப்பெண்மணியின் பெயரில். "வராதவர்" என்று நாம் எழுதியது பொய். "வந்தும் ஏற்றிக்கொள்ளப்படாதவர்" என்று எழுதியிருக்க வேண்டும். ஆங்கிலப் பள்ளியில் பயின்று, செய்வினை செயப்பாட்டுவினை என்று பாடம் ஒப்பித்துத் தேறிய நமக்கு, அவ்வேறுபாட்டைக் கற்பித்தவர் எழுதப் படிக்கத் தெரியாத அவ்வம்மையார்தாம். செக்ரோலைத் திருத்தினோம், படியும் கிடைத்தது. ஆனால் அன்றுமுதல் எந்தப் பெயருக்கு நேராகவும் ஒரு குறையை எழுதும்பொழுது, இந்தக் குறை இவருடையதுதானா, வேறொருவருடையதா என்று கேட்டுப் பார்க்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. தீண்டாதார் என்னும் சொல்லும் அத்தகைய தவறான பதிவே. ஒருவர் செய்த குற்றம் மற்றொருவர் பெயரில் ஏறிவிட்டது.

நிற்க. தீண்டப்படாதார் என்று திருத்திவிட்டால் போதுமா? போதாது என்பதே நமது கருத்து. அச்சொல் உண்மையைச் சொல்கின்றது. ஆனால் பாதி உண்மையைத்தான் சொல்கின்றது. செயப்பாட்டுவினைக்கு ஒரு வசதி உண்டு. "யாரால்" என்பதைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிடலாம். வைக்கம் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்க உரிமை மறுக்கப்பட்டது" என்று எழுதினால் அது பிழையற்ற வாக்கியம். ஆனால் மறுத்தவர் யார்? திருவாங்கூர் அரசின் காவலர் தெருவின் குறுக்கே தடை வைத்து நின்றனர். அவர்களுக்குப் பின்னால் கோயிலதிகாரமும் மேற்சாதியாரின் பிடிவாதமும் நின்றன. அவர்களைச் சொல்லாத வாக்கியம் தடையை மட்டும் காட்டி, தடை வைத்த கையை மறைத்துவிடுகின்றது.

சட்டத்திலும் இதே நிலையைக் காணலாம். இந்திய அரசியல் நிர்ணய சபை 1948ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் தீண்டாமை ஒழிப்பு விதியை ஏற்றுக்கொண்டது. அதுவே 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் 17ஆம் விதியாக நிற்கின்றது. பெருமை மிக்க விதி அது. ஆயினும் "தீண்டாமை" என்பது தொழிற்பெயர். அதற்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை. தீண்டாமையை ஒழிப்பதாகச் சொன்னால் எவரும் கோபங்கொள்வதில்லை. ஒவ்வொருவரும் வேறெவரையோ சொல்வதாக எண்ணிக் கைதட்டிவிடுகின்றனர். விதியை நடைமுறைப்படுத்த 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தபொழுதே, கோயிலிலும் கிணற்றிலும் கடையிலும் மற்றொருவரைத் தடுப்பவர் தண்டிக்கப்படுவார் என்று, தடுப்பவரைச் சுட்டிச் சொல்ல நேர்ந்தது. தண்டிக்க வேண்டுமானால் எழுவாய் வேண்டும். தொழிற்பெயரைச் சிறையில் அடைக்க முடியாது.

பிற சொற்களையும் ஒருவாறு ஒப்பிட்டுப் பார்ப்போம். நாம் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில் "அன்டச்சபிள்" என்பர். தொடத் தகாதவர், தொட இயலாதவர் என்பது அதன் அமைப்பு. நெருப்புக்குச் சூடு எப்படியோ, அப்படி அவரிடத்திலேயே ஏதோ ஒரு தன்மை இருப்பதாக அச்சொல் நம்பச் செய்கின்றது. செய்தவரையும் மறைத்து, செயலையும் மறைத்து, இயற்கையின் மேல் பழியைப் போடும் சொல் அது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் "பட்டியல் சாதிகள்" என்றது. அது நம்மைப் போன்ற கிராணிகளின் சொல். இழிவும் இல்லை, உயிரும் இல்லை. 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் எம். சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, பழைய இழிபெயர்கள் நீங்கி "ஆதிதிராவிடர்" என்னும் பெயர் அரசாங்கப் பதிவேடுகளில் ஏறியது. மேற்கூறிய பெயர்களுள் அது ஒன்றே அம்மக்கள் தாமே கேட்டுப் பெற்ற பெயர். பிறர் செய்ததையோ செய்யாததையோ அது தன் பொருளாகக் கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழ்த் தொழிலாளர் கப்பலேறி மலாயாவுக்கு வந்தபொழுது, சாதியைக் கடலில் போட்டுவிட்டு வரவில்லை. பல தோட்டங்களில் ஆதிதிராவிடத் தொழிலாளர்க்குத் தனி லயம் ஒதுக்கப்பட்டிருந்தது. இத்தனைக்கும் ரப்பர் ஸ்டோருக்குள் சாதி நுழைய முடிந்ததில்லை. எந்த லயத்தார் வெட்டிய பாலும் ஒரே தொட்டியில்தான் ஊற்றப்பட்டது. ஒரே மருந்தில் உறைந்தது. ஒரே தகடாக உருண்டு வந்தது. இந்தத் தகடு யார் தொட்ட பாலில் ஆனது என்று எந்தத் துரையும் கேட்டதில்லை, எந்தக் கங்காணியும் கேட்டதில்லை. மாலையில் லயத்துக்குத் திரும்பிய பிறகே அக்கேள்வி எழுந்தது. 1929 டிசம்பரில் ஈ. வெ. இராமசாமி மலாயாவுக்கு வந்து பேசியதும், 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கி எழுதியதும், அக்கேள்வியைக் கேட்பவர் வெட்கப்படும்படி செய்தன. வெட்கம் வந்ததேயன்றிக் கேள்வி முற்றும் ஒழிந்துவிடவில்லை.

அதற்குச் சான்று தேடி நாம் வெளியே போக வேண்டியதில்லை. நமது பாட்டனார் வீட்டில், பின்வாசற்படிக்கு அருகே, ஒரு பழைய அலுமினியக் குவளை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. புல் வெட்டவும் கால்வாய் துப்புரவு செய்யவும் வரும் ஒருவருக்கு அதில்தான் தேநீர். அவரே குடித்து, அவரே கழுவி, அவரே மாட்டிவிட்டுப் போவார். நாம் சிறு பிள்ளையாயிருந்தபொழுது அது ஏன் என்று கேட்டோம். பாட்டியார், "அவங்க தீண்டாதவங்க, சாமி" என்று மெல்லிய குரலில் சொன்னார். பல ஆண்டுகள் அதனை அப்படியே நம்பியிருந்தோம். இன்று நினைத்துப் பார்த்தால், பாட்டியார் சொன்ன சொல் சரியானதே. சுட்டிய ஆள்தான் தவறு. அவ்வீட்டில் தீண்டாதவர்கள் இருந்தது உண்மை. அவர்கள் வாசலுக்கு வெளியே அல்ல, உள்ளே இருந்தனர். பாட்டனார் தீண்டாதார், பாட்டியார் தீண்டாதார், அந்தக் குவளையை ஒரு முறையும் தொட்டுப் பார்த்திராத நாமும் தீண்டாதாரே. இக்கட்டுரையில் மேலே, "நாம் தீண்டாதார்" என்பதில் மறைந்து நிற்கும் எழுவாயைக் குறித்து எழுதியபொழுது, நாம் வேறெவரையும் நினைத்து எழுதவில்லை.

அந்த ஆணியில் இன்று குவளை இல்லை. ஆனால் திருமணப் பேச்சு நடக்கும் இடங்களில் "நம்ம ஆளுங்கதானே?" என்று தாழ்ந்த குரலில் கேட்கப்படுவதைப் பட்டணத்திலும் கேட்கிறோம், தோட்டத்திலும் கேட்கிறோம். தீண்டுதல் என்னும் சொல்லே வராமல் தீண்டாமையைச் செய்து முடிக்கும் வாக்கியம் அது. மறைந்திருந்த "நாம்" அங்கே "நம்ம" என்று வெளிப்பட்டுப் பேசுகின்றது. மற்றொன்றும் சொல்ல வேண்டும். நம் தோட்டங்களில் இப்பொழுது வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் நேபாளியரும் வேலை செய்கின்றனர். முன்பு நம்மவர் குடியிருந்த லயங்களில் அவர்கள் குடியிருக்கின்றனர். அவர்கள் தண்ணீர் கேட்டால் தனியே ஒரு பிளாஸ்டிக் கோப்பை எடுத்துத் தரும் தமிழ் வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். இழிவுக்கு உள்ளானவர் அதனை மறந்துவிடுவது அரிது. அதனை வேறொருவர்க்குக் கைமாற்றிவிடுவதோ மிக எளிது.

ஆகவே நமது முடிவு யாதெனில், தீண்டாதார் என்னும் சொல்லை நாம் எறிந்துவிட வேண்டியதில்லை. அது நல்ல தமிழ்ச் சொல். உரியவரிடம் அதனைத் திருப்பிக் கொடுத்தால் போதும். தீண்ட மறுப்பவரை அப்பெயரால் அழைப்போம். அவரால் விலக்கப்பட்டவரைப் பற்றி எழுத நேருமிடத்துத் தீண்டப்படாதார் என்று எழுதி, யாரால் என்பதையும் கூடவே எழுதுவோம். மற்ற இடங்களில் அவர்க்கு அத்தகைய பெயர் எதற்கு? அவருக்கென்று பெற்றோர் இட்ட பெயர் இருக்கின்றதே! நமது பாட்டனார் வீட்டுக்கு வந்தவர்க்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். எத்தனையோ முறை அவர் அக்குவளையில் தேநீர் குடித்துச் சென்றதைக் கண்டிருந்தும், அப்பெயரை நாம் ஒரு நாளும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை என்பதை இங்கே வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

நமது இளைஞர்க்கு ஒரு சொல். அன்பரே, உமது கட்டுரையைக் கிழித்துப் போட வேண்டா. முதற் பக்கத்தில் "தீண்டாதார் பட்ட துன்பம்" என்று எழுதியிருக்கின்றீர். "பட்ட" என்பதை அடித்துவிட்டு, "தீண்டாதார் செய்த துன்பம்" என்று எழுதும். ஒரு சொல்லை மாற்றினால் போதும்; கட்டுரை முழுவதும் நேராகிவிடும். அடுத்த கூட்டத்தில் அதனை மீண்டும் வாசியும். நாம் கேட்க வருவோம்.